சர்க்கரை நோயும் கால் நகப் பூஞ்சையும்: மாத்திரையா, பூச்சா, அரமா?

பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்துப் போயிருக்கிறது. சர்க்கரை நோயாளி ஒருவர் அதைக் காட்டப் போனால், "இதற்கெல்லாம் மாத்திரை வேண்டாம், சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும்" என்கிறார் ஒரு மருத்துவர். இன்னொருவர், "சர்க்கரை இருக்கிறவர் இதை இப்படியே விடக் கூடாது" என்று மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதித் தருகிறார். மூன்றாமவர் எதையும் தராமல் நகத்துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

மூவருமே சரியாக இருக்கலாம். பூஞ்சை ஒன்றுதான். ஆனால் அது ஒட்டியிருக்கும் காலில் உணர்ச்சி எப்படி, ரத்த ஓட்டம் எப்படி, அந்தக் காலுக்கு உரியவர் வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையெல்லாம் பொறுத்துத் தீர்ப்பு மாறும். அந்தக் கணக்கை அடியிலிருந்து பார்ப்போம்.

நகத்துக்கு அடியில் நடப்பது

நாம் நகம் என்று வெட்டி எறிவது உயிரில்லாத ஒரு தகடு. கெரட்டின் என்ற கெட்டிப் புரதம் அடுக்கடுக்காக அழுந்தி ஆனது. இந்தத் தகடு உருவாகும் இடம் நகத்தின் அடிப்பகுதியில் தோலுக்குள் மறைந்திருக்கிறது. அதை நகவேர் என்று வைத்துக்கொள்வோம். வேரில் புறப்படும் தகடு, நகப்படுக்கை எனப்படும் சிவந்த சதையின் மேல் மெல்ல ஊர்ந்து நுனிக்கு வருகிறது.

பூஞ்சை பெரும்பாலும் நுனி வழியாகவோ பக்கவாட்டு ஓரம் வழியாகவோ நுழையும். டிரைக்கோபைட்டன் ரூப்ரம் என்பதுதான் இதில் முதல் குற்றவாளி. கெரட்டினைத் தின்று வாழ்கிற இனம் இது. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணாகவும் உடம்பில் படர்தாமரையாகவும் வருவது இதே கூட்டம்தான். கேண்டிடா போன்ற ஈஸ்ட்டுகளும், மண்ணில் வாழும் வேறு சில பூசணங்களும் சிலருடைய நகத்தில் குடியேறுவதுண்டு. நுழைந்த பூஞ்சை, தகட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே வேரை நோக்கி ஏறுகிறது. சதை பதிலுக்குக் கெரட்டினை மேலும் மேலும் தள்ள, நகத்துக்கு அடியில் மாவு மாதிரி ஒரு பொடி சேர்கிறது. தகடு தூக்கிக்கொள்கிறது, மஞ்சளாகிறது, தடிக்கிறது, ஓரத்தில் உதிர்கிறது.

இங்கே ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். பெருவிரல் நகம் வேரிலிருந்து நுனி வரை முழுதாகப் புதிதாக 12 முதல் 18 மாதம் ஆகும். கெட்டுப்போன தகட்டை எந்த மருந்தாலும் மறுபடி நல்ல தகடாக்க முடியாது. வேரிலிருந்து புதிதாக வரும் நகத்தைப் பூஞ்சை பிடிக்காமல் காப்பதுதான் மருந்தின் வேலை. பழையது வளர்ந்து, வெட்டுப்பட்டுத்தான் போக வேண்டும். "ஒரு மாதம் மாத்திரை போட்டேன், ஒன்றும் தெரியவில்லை" என்று பாதியில் நிறுத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சர்க்கரை இருந்தால் ஏன் அதிகம்?

சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கால் நகப் பூஞ்சை இருக்கிறது என்பது பல ஆய்வுகளை வைத்துச் சொல்லப்படும் கணக்கு. சர்க்கரை இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் இது இரண்டு மடங்குக்கும் மேல். காரணம் ஒன்றல்ல.

1. ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடியே இருந்தால், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன.

2. கால் தமனிகள் குறுகினால் விரல் நுனிக்குப் போகும் ரத்தம் குறைகிறது. நகம் இன்னும் மெதுவாக வளர்கிறது. மெதுவாக வளரும் நகத்தில் பூஞ்சைக்கு நிறைய அவகாசம் கிடைக்கிறது. வாய்வழி மருந்தும் ரத்தம் வழியாகத்தான் நகத்துக்குப் போக வேண்டும் என்பதால் இந்தக் குறைபாடு இரண்டு பக்கமும் அடிக்கிறது.

3. நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால், நகம் எங்காவது இடித்துக்கொண்டாலும் ஷூவில் நசுங்கினாலும் தெரியாது. அடிபட்ட நகம் லேசாகத் தூக்கி நிற்கும். அந்த இடுக்கு பூஞ்சைக்குத் திறந்த கதவு.

4. கண் மங்கல், முழங்கால் வலி, தொந்தி. குனிந்து தன் கால் நகத்தைப் பார்க்கவோ வெட்டவோ முடியாத நிலை. பல விளக்கங்களில் இது கடைசி வரியில் வந்துபோகும். நடைமுறையில் முதல் வரிக்கு வர வேண்டிய காரணம் இதுதான் என்பேன். மாதக்கணக்கில் யாரும் கண்ணால் பார்க்காத நகத்தில் எது வந்தாலும் முற்றித்தான் நிற்கும்.

சரி, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் நகம் தானாகச் சரியாகிவிடுமா? ஆகாது. உள்ளே வந்துவிட்ட பூஞ்சை அதனால் மட்டும் வெளியேறாது. ஆனால் மருந்து பலிக்கவும், காலில் ஒரு கீறல் விழுந்தால் அது ஆறவும் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும்.

அழகுப் பிரச்சினை எந்த இடத்தில் ஆபத்தாகிறது

சர்க்கரை இல்லாதவருக்குத் தடித்த நகம் வலிக்கும். ஷூவின் மேல்பக்கம் நகத்தை அழுத்த, நகம் அடியிலுள்ள சதையை அழுத்த, அரை மணி நேரத்தில் பொறுக்க முடியாமல் ஷூவைக் கழற்றிவிடுவார். மரத்துப்போன காலில் அந்த வலி வராது. காலை எட்டு மணிக்கு மாட்டிய ஷூ மாலை ஆறு மணி வரை காலிலேயே இருக்கும். பத்து மணி நேரம் ஒரே புள்ளியில் அழுத்தம். சாக்ஸைக் கழற்றும்போது நுனியில் மிளகளவு ஒரு பழுப்புக் கறை. அது நகத்துக்கு அடியிலிருந்து கசிந்தது. மேலே தகடு மூடியிருப்பதால் புண் கண்ணுக்குத் தெரியாது. கறையைக் கவனிக்காமல் சாக்ஸைத் துவைக்கப் போட்டுவிட்டால் அடுத்த தடயம் விரல் வீங்கிய பிறகுதான் கிடைக்கும்.

உடலின் மற்ற இடங்களில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே கொழுப்பு ஒரு மெத்தையாக இருக்கும். நகப்படுக்கையில் அது கிடையாது. படுக்கைக்கு நேர் கீழே விரல் நுனி எலும்பு. அதனால்தான் நகத்தடியில் பிடித்த சீழ் எலும்புக்கு இறங்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. எலும்பில் தொற்று ஏறிவிட்டால் வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக், சில நேரம் விரல் நுனியையே எடுக்க வேண்டிய நிலை.

இன்னொரு வழியும் உண்டு. தடித்துக் கோணிய நகத்தின் முனை பக்கத்து விரலைக் கீறும். கூடவே விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் தோல் வெடித்து, பாக்டீரியாவுக்கு வாசல் கிடைக்கிறது. கால் முழுக்கச் சிவந்து, சூடாகி, வீங்கும் செல்லுலைட்டிஸ் பலருக்கு இப்படித்தான் தொடங்குகிறது. இத்தனைக்கும் பூஞ்சை நேரடியாகக் காலை அரிப்பதில்லை. அது கதவைத் திறந்து வைக்கிறது, உள்ளே வருவது வேறு ஆள்.

இதற்காக நகப் பூஞ்சை என்றாலே கால் போய்விடும் என்று பயமுறுத்துவதும் தவறு. உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக உள்ள காலில் ஒரு நகத்தின் ஓரம் மஞ்சளாக இருந்தால் அவசரம் ஒன்றுமில்லை. ஆபத்து நகம், நரம்பு, ரத்தக்குழாய் மூன்றும் சேரும்போதுதான்.

முதலில், இது பூஞ்சைதானா?

கெட்டுப்போனதாகத் தெரியும் கால் நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சையால் கெட்டவை. மீதிப் பாதியில் பழைய அடி, இறுக்கமான ஷூவின் தொடர் உரசல், சொரியாசிஸ், லைக்கன் பிளேனஸ் போன்ற தோல் நோய்கள், வெறும் வயது என்று பல காரணங்கள் இருக்கும். கண்ணால் பார்த்து மட்டும் மூன்று மாத மாத்திரை எழுதினால், தேவையே இல்லாத ஒருவர் அதைச் சாப்பிட நேரலாம். ஏற்கெனவே ஐந்தாறு மாத்திரை சாப்பிடுகிற சர்க்கரை நோயாளிக்கு அது சின்ன விஷயமல்ல. அந்த மூன்றாவது மருத்துவர் நகத்துண்டைக் கேட்டது இதற்காகத்தான்.

பரிசோதனைகள் மூன்று வகை.

1. நகப்பொடியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. அன்றே முடிவு தெரியும். பூஞ்சை இருந்தும் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு உண்டு.

2. ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர். எந்தப் பூஞ்சை என்று பெயரோடு தெரியும். மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும், இதிலும் தவறவிடுதல் உண்டு.

3. நகத்துண்டைப் பிஏஎஸ் என்ற சாயமிட்டுப் பார்ப்பது. பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதில் இது மற்ற இரண்டையும்விடத் தேவலை. என்ன இனம் என்று சொல்லாது. பூஞ்சையின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வசதி உள்ள இடங்களில் இரண்டு கேள்விக்கும் சீக்கிரமே விடை கிடைக்கும்.

மாதிரி எடுக்கும் விதத்தில்தான் பாதி வெற்றி. நுனியில் உதிர்கிற பொடியில் இறந்த பூஞ்சையும் வெளித்தூசியும்தான் இருக்கும். ஸ்பிரிட்டால் துடைத்து, உதிர்ந்த நுனியை வெட்டிப் போட்டுவிட்டு, நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் எல்லைக்குப் பக்கத்தில் அடியிலிருந்து சுரண்டி எடுக்க வேண்டும். உயிருள்ள பூஞ்சை அங்கேதான் இருக்கும். பூஞ்சை மருந்து ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பரிசோதனை 'இல்லை' என்று பொய் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. நகத்தில் கறுப்பாகவோ பழுப்பாகவோ நீளக்கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனால், அல்லது அந்தக் கறுப்பு நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவினால், பூஞ்சை என்று நினைத்து மருந்து பூசிக்கொண்டிருக்கக் கூடாது. மெலனோமா என்ற புற்றுநோயாக இருக்கக்கூடும்.

மருந்துக்கு முன் காலைப் பார்க்க வேண்டும்

எந்த மருந்து என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு.

உணர்ச்சி இருக்கிறதா? இதைச் சோதிக்க ஒரு நைலான் இழை போதும். 10 கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்டது அது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு பாதத்தில் சில இடங்களில் இழையை வளையும்வரை அழுத்துவார்கள். "இப்போது தொட்டேனா?" என்ற கேள்விக்குப் பதில் வராத இடத்தில் காயத்திலிருந்து காலைக் காக்கும் உணர்ச்சி போய்விட்டது என்று பொருள். பலர் இந்தச் சோதனையில்தான் முதன்முதலாகத் தன் கால் மரத்திருப்பதைத் தெரிந்துகொள்கிறார்கள். மதமதப்பு, எரிச்சல் எதுவும் இல்லாமலேயே உணர்ச்சி போவதும் உண்டு.

ரத்தம் போகிறதா? பாதத்தின் மேல்புறமும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது முதல் படி. சந்தேகம் வந்தால் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள். விகிதம் 0.9-க்குக் கீழே என்றால் தமனி அடைப்பு. ஆனால் சர்க்கரை நோயில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடுவதால் விகிதம் பொய்யாக நல்ல எண்ணைக் காட்டலாம். அப்போது கால்விரலின் ரத்த அழுத்தத்தை அளப்பார்கள்.

இந்த இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகுதான் இலக்கை முடிவு செய்ய முடியும். பூஞ்சையை ஒழிப்பது ஒரு இலக்கு. பூஞ்சை இருந்தாலும் நகத்தை மெல்லியதாக, மழுங்கியதாக, யாரையும் குத்தாததாக வைத்திருப்பது இன்னொரு இலக்கு. முதலாவது முடியாதவர்களுக்கு இரண்டாவது தோல்வியில்லை. காலைக் காப்பாற்றுவது பல நேரம் அதுதான்.

வாய்வழி மாத்திரைகள்

நகவேர் வரை பரவிய, அல்லது பல நகங்களைப் பிடித்த பூஞ்சைக்கு மாத்திரைதான் வலிமையான ஆயுதம்.

டெர்பினாஃபின்: தினம் 250 மி.கி., கால் நகத்துக்கு 12 வாரம். பூஞ்சையின் உறை உருவாகத் தேவையான நொதியைத் தடுத்து அதைக் கொல்கிறது. நிறுத்திய பிறகும் பல மாதம் நகத்தில் தங்கி வேலை செய்யும். மாத்திரை முடிந்த பிறகும் நகம் தெளிந்துகொண்டே வருவது இதனால்தான்.

இதன் வெற்றி விகிதத்தைப் படிக்கும்போது ஒரு குழப்பம் வரும். ஓர் இடத்தில் 70 சதவீதம் என்றிருக்கும், இன்னோர் இடத்தில் 38 சதவீதம் என்றிருக்கும். இரண்டும் ஒரே மருந்து, ஒரே ஆய்வுத் தொகுப்பு. முதலாவது, 48-ஆவது வாரத்தில் பரிசோதனையில் பூஞ்சை காணாமல் போனவர்கள். இரண்டாவது, பூஞ்சையும் போய், நகமும் பார்க்க முழுசாக நல்லபடி ஆனவர்கள். விளம்பரங்கள் எந்த எண்ணை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு வாய்வழி மருந்தில் முதல் தேர்வு டெர்பினாஃபின்தான் என்று பிரிட்டன் தோல் மருத்துவர் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. சர்க்கரை மாத்திரைகளோடு மோதுவது குறைவு, தாழ்சர்க்கரை உண்டாக்காது என்பவை காரணம். மெட்ஃபார்மின் கல்லீரலில் சிதையாமல் சிறுநீரகம் வழியே அப்படியே வெளியேறுவது, அதோடு இதற்குத் தகராறு இல்லை. ஆனாலும் கவனிக்க வேண்டியவை உண்டு.

1. கல்லீரல். தொடங்கும் முன் கல்லீரல் நொதிகளை ரத்தத்தில் பார்க்க வேண்டும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்குக் கொடுப்பதில்லை. தீவிரப் பாதிப்பு அரிது, 50,000 முதல் 1,20,000 மருந்துச் சீட்டுகளுக்கு ஒன்று என்ற அளவில்தான். வந்தால் பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் வரும். சிறுநீர் அடர்நிறமாகி, கண் மஞ்சளானால், பசியே இல்லாமல் குமட்டினால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

2. சிறுநீரகம். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டரும் அதற்குக் கீழும் என்றால் இந்த மருந்து பரிந்துரைக்கப்படுவதில்லை. நாள்பட்ட சர்க்கரை நோயாளிகளில் பலர் இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

3. மற்ற மாத்திரைகள். கால் எரிச்சலுக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டுலாக்செட்டின், இதயத்துக்குத் தரப்படும் மெட்டோபுரோலால் ஆகியவற்றின் அளவு ரத்தத்தில் கூடக்கூடும். நரம்பு வலி மாத்திரையும் நக மாத்திரையும் வேறு வேறு மருத்துவர்களிடமிருந்து வரும்போது இது எளிதில் விட்டுப்போகும். எல்லாச் சீட்டையும் ஒரே இடத்தில் காட்டுவது நல்லது.

4. சுவை. சிலருக்கு நாக்கில் சுவையே போய்விடும். நிறுத்தினால் வாரங்களில் திரும்பும், சிலருக்கு மாதங்கள் ஆகும், அபூர்வமாகத் திரும்பாமலும் போகும். சுவையில்லாமல் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, இன்சுலினை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

இட்ராகோனசோல்: தினம் 200 மி.கி. 12 வாரம், அல்லது மாதத்தில் ஒரு வாரம் மட்டும் காலை மாலை 200 மி.கி. என்று மூன்று மாதம். இதய பலவீனம் உள்ளவர்களுக்கு நகப் பூஞ்சைக்காக இதைத் தரக் கூடாது. இதயத் தசையின் சுருங்கும் வலிமையை இது குறைக்கும். சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் ஆகிய கொழுப்பு மாத்திரைகளோடு சேர்க்கவே கூடாது, அட்டோர்வாஸ்டாட்டினிலும் கவனம் வேண்டும். ரெபாக்ளினைடு என்ற சர்க்கரை மாத்திரையின் அளவையும் ரத்தத்தில் கூட்டும். காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், அசிடிட்டி மாத்திரை சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. கொழுப்பு மாத்திரையும் இதயச் சிக்கலும் சேர்ந்தே வருகிற நோயில் இந்த மருந்து பின்வரிசைக்குப் போவதில் வியப்பில்லை.

ஃப்ளுகோனசோல்: வாரம் ஒருமுறை, ஆறு மாதமோ அதற்கு மேலோ. வாரம் ஒன்று என்பதால் லேசான மருந்து என்று தோன்றும். ஆனால் கிளிமிபிரைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைச் சிதைக்கும் நொதியை இது தடுக்கிறது. அந்த மாத்திரைகள் ரத்தத்தில் தேங்கி, சர்க்கரை திடீரென்று தாழலாம். இவற்றைச் சாப்பிடுகிறவர் இதைத் தொடங்கினால் வீட்டில் அடிக்கடி குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சர்க்கரை மாத்திரையைக் குறைக்க மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கீட்டோகோனசோல் மாத்திரையை நகத்துக்கு யாராவது சொன்னால் மறுத்துவிடலாம். கல்லீரல் சேதம் காரணமாக 2013-இல் ஐரோப்பாவில் அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். அமெரிக்காவில் அதே ஆண்டு கட்டுப்பாடு வந்தது, நகத்துக்கும் தோலுக்கும் எழுதாதீர்கள் என்று 2016-இல் மறுபடி எச்சரித்தார்கள்.

பூச்சு மருந்துகள்

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இவைதான் வழி. மற்ற மாத்திரைகளோடு மோதாது, கல்லீரலைத் தொடாது. ஆனால் தடித்த கெரட்டின் தகட்டைத் துளைத்துப் போக வேண்டும். சாதாரணத் தோல் கிரீம்கள் அதைச் செய்வதில்லை. சேற்றுப்புண்ணுக்கு வாங்கிய டியூபை நகத்தின் மேல் தேய்ப்பதில் பயன் இல்லை.

நகத்துக்கென்றே செய்தவை: சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதப் பூச்சு தினமும் 48 வாரம், அமோரோல்ஃபின் 5 சதவீதம் வாரம் ஒன்றிரண்டு முறை, 9 முதல் 12 மாதம், எஃபினகோனசோல் 10 சதவீதக் கரைசல் தினமும் 48 வாரம். முழுக் குணம் என்ற கடுமையான அளவுகோலில் சைக்ளோபிராக்ஸுக்கு ஆய்வுகளில் கிடைத்தது 5.5 முதல் 8.5 சதவீதம், எஃபினகோனசோலுக்கு 15 முதல் 18 சதவீதம். அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களும் நகவேர் வரை கெடாதவர்கள்தான். முழு நகமும் கெட்டுத் தடித்தவருக்குப் பூச்சு மட்டும் கொடுத்தால் ஒரு வருடம் வீணாகும். நுனியில் பாதிக்குள் நிற்கும் தொற்றுக்குக் கொடுத்தால் நியாயம்.

சைக்ளோபிராக்ஸின் மருந்துக் குறிப்பிலேயே ஒரு வரி இருக்கிறது. இன்சுலின் சார்ந்த சர்க்கரை நோயோ நரம்பு பாதிப்போ உள்ளவர்களுக்கு, தளர்ந்த நகத்தை அகற்றுவதிலும் வெட்டுவதிலும் உள்ள ஆபத்தை யோசித்துச் செய்ய வேண்டும் என்பது. பூச்சு வேலை செய்ய நகத்தை அடிக்கடி தேய்த்து மெலிதாக்க வேண்டும். மருந்து ஆபத்தில்லாதது, கத்தரியும் அரமும் ஆபத்தானவை என்ற விசித்திரம் இங்கே.

அரம், கத்தரி, லேசர்

தடித்த நகத்தை அரத்தால் தேய்த்து மெலிதாக்குவது பெரிய சிகிச்சையாகத் தோன்றாது. ஆனால் நகத்தடி அழுத்தத்தை அன்றைக்கே குறைப்பது இது ஒன்றுதான். மாத்திரை அதைச் செய்ய ஒரு வருடம் ஆகும். நகத்துக்குள் மஞ்சள் கோடாகப் பூஞ்சை கெட்டியாகத் திரண்டிருந்தால் மருந்து அதற்குள் நுழையாது, அந்தப் பகுதியைச் சுரண்டி எடுத்தால்தான் உண்டு.

உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் சரியாக உள்ளவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்: குளித்து நகம் ஊறிய பிறகு, நேராக வெட்டி, ஓரத்தை மட்டும் அரத்தால் மழுக்க வேண்டும். மூலைகளைத் தோண்டக் கூடாது. உணர்ச்சி இல்லாதவர், பார்வை மங்கியவர், தமனி அடைப்பு உள்ளவர் மூவரும் பாதப் பராமரிப்பு தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். பிளேடு யாருக்குமே வேண்டாம்.

நகத்தை முழுதாகப் பிடுங்கும் அறுவை சிகிச்சை, ரத்த ஓட்டம் குறைந்த காலில் ஆறாத புண்ணில் முடியலாம். தேவைப்பட்டால் 40 சதவீத யூரியா களிம்பால் நகத்தை மென்மையாக்கி எடுக்கும் வழி இருக்கிறது. லேசருக்கு விளம்பரம் அதிகம், ஆதாரம் குறைவு. அமெரிக்க மருந்துத் துறை லேசர் கருவிகளுக்குக் கொடுத்த அனுமதியே 'தெளிந்த நகப்பகுதி தற்காலிகமாகக் கூடும்' என்ற அளவுக்குத்தான். பூஞ்சை குணமாகும் என்று அதில் இல்லை. தவிர, சூடு தெரியாத காலில் சூட்டுக் கருவியை வைப்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

கைவைத்தியத்திலும் இதே சிக்கல்தான். வெந்நீரில் ஊறவைப்பது, வினிகர், பிளீச்சிங் கரைசல் எல்லாமே மரத்த காலில் வெந்த புண்ணையோ தோல் அரிந்த புண்ணையோ உண்டாக்கக்கூடும், போட்டவருக்குத் தெரியாமலே. கால் கழுவும் தண்ணீர் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. வெப்பமானி இல்லாவிட்டால் முழங்கையால் பார்க்கலாம், காலால் பார்க்கக் கூடாது.

பலிக்கிறதா என்று எப்படித் தெரியும்?

நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் கோட்டில் அரத்தால் மேலாக ஒரு சின்ன வரி போட்டுவைப்பார்கள். உணர்ச்சி குறைந்தவருக்கு இதை மருத்துவரே செய்ய வேண்டும். மாதா மாதம் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால், வரி நுனியை நோக்கி நகரும். மஞ்சள் அந்த வரியைத் தாண்டிப் பின்னால் வராமல் இருந்தால் மருந்து பலிக்கிறது. வரியைத் தாண்டி வேர்ப்பக்கம் ஏறினால் பலிக்கவில்லை. அப்போது மாத்திரையை நீட்டிப்பதற்கு முன் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும். இனம் வேறாக இருக்கலாம், டெர்பினாஃபினுக்குப் பணியாத வகையாகவும் இருக்கலாம். இத்தகைய எதிர்ப்புத்திறன் இப்போது கூடிவருகிறது.

குணமானவர்களில் நான்கைந்து பேருக்கு ஒருவர் என்ற அளவில் மறுபடி வருகிறது. பெரும்பாலும் பழைய ஷூவிலிருந்தும், கவனிக்காமல் விட்ட சேற்றுப்புண்ணிலிருந்தும்தான். தடுக்கும் வழிகள்: விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைப்பது, அங்கே மட்டும் ஈரப்பத கிரீம் பூசாமல் இருப்பது, சாக்ஸை 60 டிகிரி சூட்டில் துவைப்பது, பாதத்தைவிட 1 முதல் 2 செ.மீ. நீளமான ஷூ போடுவது, வீட்டில் வேறு யாருக்காவது சேற்றுப்புண் இருந்தால் அவருக்கும் வைத்தியம் செய்வது. நகவெட்டியை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்வது.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

1. நகத்தைச் சுற்றிச் சிவப்பு, சூடு, வீக்கம், அல்லது சிவப்பு பாதத்தின் மேல் ஏறுவது.

2. நகத்தடியிலிருந்து கசிவு, கெட்ட வாடை, சாக்ஸில் கறை.

3. காரணம் தெரியாமல் சர்க்கரை திடீரென்று ஏறுவது, கூடவே காய்ச்சலோ குளிரோ. காலில் தொற்று இருக்கிறதா என்று அப்போதே சாக்ஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

4. விரல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது.

5. நகம் பெயர்ந்து விழுவது. வலி இல்லாவிட்டாலும் அந்த இடத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒட்டாத மெல்லிய கட்டுப் போட்டு, மூடிய ஷூ மாட்டாமல் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். விழுந்த நகத்தைத் தூக்கிப் போடாமல் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போனால் ஆய்வகத்துக்கு அதுவே மாதிரி.